துப்பாக்கிச் சத்தமா, உறுமிச் சத்தமா?

பிள்ளைகள் கேட்கும் பாட்டைப் பற்றிப் பெற்றோர் குறைப்பட்டுக்கொள்ளாத காலம் என்று ஒன்று இருந்ததில்லை. பாகவதரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு டப்பாங்குத்து பிடிக்கவில்லை. டி.எம்.எஸ். குரலில் ஊறியவர்களுக்கு இளையராஜாவின் கித்தார் இரைச்சலாகப் பட்டது. ஆனால், இன்று ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்து வீடுகளில் எழும் குறை அந்த வகையைச் சேர்ந்ததன்று. “ரசனை கெட்டுவிட்டது” என்று இப்போது யாரும் சொல்வதில்லை. “இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் பையன் கெட்டுப் போகிறான்” என்கிறார்கள்.

இந்தப் பாட்டு என்று அவர்கள் சொல்வது ராப். தாளத்துக்குள் சொற்களை வேகமாக அடுக்கிப் பேசுகிற பாட்டு. அதிலும் கத்தி, துப்பாக்கி, போலீஸ், பணம், பழிவாங்கல் என்று பேசும் ஒரு பிரிவு உண்டு. அதைக் குண்டர் ராப் என்றே வைத்துக்கொள்வோம்.

பெற்றோரின் பயம் வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. 2013 ஆகஸ்டில் நம் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றில் இருந்த 40,000க்கு மேற்பட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்ற கணக்கும் கூடவே வந்தது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாற, லயத்தை விட்டுப் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போன குடும்பங்களின் கதையை அந்தக் கணக்குக்குப் பின்னால் காணலாம். அந்தக் கதையை ‘ஜகாட்’ என்ற படம் 2015இல் சொல்லிவிட்டது. பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும்.

இப்படி இருக்க, துப்பாக்கி வெடிக்கும் ஓர் இசைத்தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, “இதில் கலை இருக்கிறதா?” என்று கேட்பது சிலருக்குக் கோபமூட்டலாம். ஆனாலும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. ஏனென்றால், நான் சொல்லப்போகும் இசைத்தட்டைச் செய்தவர் ஒரு தமிழ்ப் பெண். அதற்குப் பெயர் ‘கலா’. அதில் வெடிப்பது துப்பாக்கி மட்டுமன்று. நம் உறுமியும் முழங்குகிறது.

அம்மா பெயரில் ஓர் இசைத்தட்டு

எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. அப்பா, அருளர் என்ற புனைபெயரில் ஈரோஸ் இயக்கத்தின் தொடக்க காலத்தில் இருந்தவர். வீட்டில் இருந்ததைவிட வீட்டில் இல்லாமல் இருந்ததே அதிகம். போர் முற்றியபின், 1986இல் அம்மா கலா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அகதியாக மீண்டும் லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் செய்த வேலை தையல்.

லண்டனில் அரசாங்கம் கட்டிக் கொடுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பையும் ‘எஸ்டேட்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்த எஸ்டேட்டில் பால்மரம் இல்லை, கங்காணி இல்லை. மற்றபடி, வறுமையும் ‘எங்கிருந்து வந்தாய்’ என்ற பார்வையும் அங்கேயும் உண்டு. வீட்டு வானொலி திருடு போன பிறகு பக்கத்து வீட்டிலிருந்து வந்த கறுப்பர்களின் ராப்தான் தன் காதில் விழுந்தது என்று மாதங்கியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆங்கிலம் சரியாக வராத ஒரு சிறுமிக்கு, பாடத் தெரியாவிட்டாலும் பேசத் தெரிந்தால் போதும் என்ற ஓர் இசை எவ்வளவு பெரிய கதவாக இருந்திருக்கும்!

பிறகு ஓவியக் கல்லூரி, படக்கலை, கடன் வாங்கிய ஒரு மின்தாளப் பெட்டி. 2005இல் முதல் இசைத்தட்டு வந்தது. அதற்கு அப்பாவின் பெயர்: ‘அருளர்’. இரண்டாவது, 2007 ஆகஸ்டில் வந்தது. அதற்கு அம்மாவின் பெயர்.

முதல் தட்டிலேயே வம்பு தொடங்கிவிட்டது. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் ஒரு பாட்டில் வந்ததற்காக எம்டிவி அதை ஒளிபரப்ப மறுத்தது. புலிச் சின்னத்தைப் போன்ற படங்களைப் பயன்படுத்தியதால் “பயங்கரவாதத்துக்குப் பாட்டுப் பாடுகிறவர்” என்ற பெயரும் வந்தது. 2008இல் டிலான் என்ற இலங்கை வம்சாவளி ராப் பாடகர் ஒருவர், மாதங்கியின் பாட்டையே எடுத்து, அவரைத் தாக்கி வேறு வரிகள் போட்டு ஒளிநாடா வெளியிட்டார். ராப்பிலேயே ராப்புக்குப் பதில்! நம் ஊர்க் கூத்தில் எசப்பாட்டுப் பாடுவது போலத்தான் இதுவும். ஆனால், இந்த எசப்பாட்டில் இரண்டு பக்கமும் பிணங்கள் இருந்தன.

விசா கிடைக்காததால் வந்த பாட்டு

‘கலா’ உருவான விதம் ஒரு விபத்து என்றே சொல்லலாம். அமெரிக்காவுக்குப் போய், அப்போது புகழின் உச்சியில் இருந்த டிம்பலேண்ட் என்ற இசையமைப்பாளரோடு வேலை செய்வதாகத்தான் திட்டம். 2006இல் அமெரிக்க விசாவில் சிக்கல் வந்துவிட்டது. விசா இல்லாதவர் என்ன செய்வார்? விசா இல்லாமல் போகக்கூடிய இடங்களுக்கும், விடுகிற இடங்களுக்கும் போனார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று சுற்றினார். போன இடத்தில் எல்லாம் ஒலியைப் பதிவு செய்தார்.

சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக் கூடத்தில் உறுமிக்காரர்களை உட்கார வைத்தார். இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம்.

உறுமியைப் பற்றி நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து, மறு முகத்தை அடித்து, மாடு உறுமுவதுபோல் ஓர் ஒலியை எழுப்புகிற கருவி. மாரியம்மன் திருவிழாவில் அந்த உறுமல் எழுந்ததும் கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்துவிடும். மலாக்காவில் மாசி மகத்துக்குச் செங் சந்நாசிமலை நோக்கிக் காவடி போகும்போது, தூரத்திலிருந்து முதலில் காதில் விழுவது அதுதான். ஆனால், பட்டணத்தில் அதே உறுமிக்குக் கெட்ட பெயரும் உண்டு. உறுமி மேளக் குழு என்றாலே தலைக்குச் சாயம் அடித்த பையன்கள், சாமி ஊர்வலத்தில் சினிமாக் குத்துப்பாட்டு, பின்னாலேயே ஒரு சண்டை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாதஸ்வரத்துக்குக் கிடைக்கும் மரியாதை உறுமிக்கு என்றைக்கும் கிடைத்ததில்லை. சாவு வீட்டிலும் அம்மன் வாசலிலும் அடித்தவர்கள் யார், சபா மேடையில் உட்கார்ந்தவர்கள் யார் என்று யோசித்தால் காரணம் விளங்கிவிடும்.

‘கலா’வின் இரண்டாவது பாட்டான ‘பேர்ட் ஃப்ளூ’, அதாவது கோழிக் காய்ச்சல், முழுக்க முழுக்க அந்தத் தோல்களின்மேல் நிற்கிறது. 2003இல் வந்த ‘ஜெயம்’ படத்தின் திருவிழாப் பாட்டு ஒன்றிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுத்து, அதற்குள் மேளத்தையும் கோழிகளின் கொக்கரிப்பையும் பிள்ளைகளின் கூச்சலையும் கலந்திருக்கிறார். மேற்கத்திய ராப்பில் தாளம் என்பது வழக்கமாக ஓர் ஒழுங்கான நடை. நாலுக்கு நாலு என்று கடிகாரம்போல் போகும். இங்கே அப்படி இல்லை. தாளம் முந்துகிறது, மோதுகிறது, ஒருவர் அடிப்பதை இன்னொருவர் இடறுகிறார். முதல் தடவை கேட்பவருக்கு ஒலிபெருக்கி கெட்டுவிட்டதோ என்றே தோன்றும். இரண்டு தடவை கேளுங்கள். திருவிழாக் கூட்டத்தின் நடுவில் சிக்கிக்கொண்ட உணர்வு வந்துவிடும். லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்தவர்கள் “இது என்ன புதுமை!” என்று வியந்தார்கள். புதுமை இல்லை ஐயா, அது எங்கள் ஊர்ச் சாமி ஊர்வலம்!

முதல் பாட்டு இன்னும் சுவை. மணிரத்னத்தின் ‘தளபதி’ படத்தில், 1991இல், ரஜினியும் மம்முட்டியும் ஆடிப் பாடுகிற அந்தப் பொங்கல் பாட்டை மறந்தவர் உண்டா? இளையராஜாவின் அந்தத் தாளம்தான் ‘பாம்பூ பாங்கா’ என்ற இந்தப் பாட்டுக்கு அடித்தளம். ஓடும் வாகனத்தின் கண்ணாடியைத் தட்டுகிற ஏழையின் குரலாக அதன்மேல் மாதங்கி பேசுகிறார். நான்காவது பாட்டு, 1982இல் வந்த ‘டிஸ்கோ டான்ஸர்’ இந்திப் படத்துப் பாட்டின் மறுபிறவி. சிறுவயதில் குடும்ப விருந்துகளில் அம்மா ஆடச் சொல்ல, ஆடிய பாட்டாம். கல்யாண மண்டபத்தில் அந்தப் பாட்டுக்கு ஆடாத பிள்ளைகள் நம் நாட்டிலும் குறைவு.

துப்பாக்கி வெடிக்கும் இடம்

இனி வம்புக்குரிய பாட்டுக்கு வருவோம். ‘பேப்பர் பிளேன்ஸ்’, காகித விமானங்கள், பதினோராவது பாட்டு.

மெட்டு தாலாட்டைப்போல இருக்கிறது. ‘தி கிளாஷ்’ என்ற ஆங்கிலக் குழு 1982இல், வேண்டாத விருந்தாளிகளாக நடத்தப்பட்ட வந்தேறிகளைப் பற்றிப் பாடிய ஒரு பாட்டின் இசையைத்தான் அடியில் ஓடவிட்டிருக்கிறார்கள். மேலே, கள்ள விசா அடித்துக் கொடுக்கும் ஒரு பேர்வழியின் வீறாப்புப் பேச்சு. பல்லவி வந்ததும் பிள்ளைகள் சேர்ந்து பாடுகிறார்கள். அவர்கள் ஒரு வினைச்சொல்லைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. அங்கே துப்பாக்கி வெடிக்கிறது. தொடர்ந்து துப்பாக்கியை இழுத்துப் பூட்டும் ஒலி. அதன்பின் கடைக் கல்லாப்பெட்டி ‘கிளிங்’ என்று திறக்கிறது. உங்கள் பணத்தை எடுத்துக்கொள்வோம் என்று பிள்ளைகள் சிரித்தபடி முடிக்கிறார்கள்.

அமெரிக்கத் தொலைக்காட்சி இதைப் பொறுக்கவில்லை. 2007இல் டேவிட் லெட்டர்மேனின் நிகழ்ச்சியில் வெடிச் சத்தத்தை மாற்றிவிட்டார்கள். எம்டிவியும் அப்படியே செய்தது. ஆனால் 2008இல் அதே பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் இடம் பெற்றது. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் ‘கலா’வை 2007ஆம் ஆண்டின் தலைசிறந்த இசைத்தட்டு என்றது.

இது குண்டர் ராப்தானா? கண்டிப்பாகப் பார்த்தால் இல்லை. குண்டர் ராப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும் வேறு ஒரு பாட்டு. அகதியையும் வெளிநாட்டுத் தொழிலாளியையும் பார்க்கிறவர்கள், “இவன் நம்மைச் சுட்டுவிட்டுக் காசைப் பிடுங்க வந்தவன்” என்று மனசுக்குள் நினைக்கிறார்கள் அல்லவா? அந்த நினைப்பையே பாட்டாக்கி அவர்கள் வாயாலேயே பாட வைத்துவிட்டார். பொருளைக் கேட்பவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்றுதான் அவரும் சொன்னார். இதைக் கிண்டல் என்பதா, வஞ்சப்புகழ்ச்சி என்பதா? காளமேகப் புலவர் வாழ்ந்த மொழியில் பிறந்தவர்களுக்கு, சொல்லில் ஒன்றும் பொருளில் ஒன்றுமாக வைப்பது அந்நியமான வித்தை இல்லை.

அதே தட்டில் ‘இருபது டாலர்’ என்றொரு பாட்டு இருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஒரு துப்பாக்கி என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதே அதன் தலைப்பு. துப்பாக்கியை விரும்புகிறவர் அதன் விலையைப் பற்றி இந்தக் கசப்போடு பேசமாட்டார். ஒரு பாட்டை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதில் உள்ள தொல்லை இதுதான்.

நீதிமன்றம் கேட்ட கேள்வி

“இதில் கலை இருக்கிறதா?” என்ற நம் கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 1988இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே உள்ள காம்ப்டன் நகரத்துக் கறுப்பு இளைஞர்கள், என்.டபிள்யூ.ஏ. என்ற பெயரில், ‘ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். போலீஸ் தங்களை நடத்தும் விதத்தைத் திட்டி அதில் ஒரு பாட்டு. அடுத்த ஆண்டே எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர், அந்தத் தட்டை வெளியிட்ட நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். பெரும்பாலான வானொலிகள் அதைத் தொடவில்லை. ஆயினும் தட்டு விற்றது. பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே, நாடு பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொண்டது! 2018இல் அதே காம்ப்டனில் வளர்ந்த கெண்ட்ரிக் லமார் என்பவரின் ராப் தட்டுக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

இன்னொரு குழுவின் ஆபாசப் பாட்டுகளை 1990இல் புளோரிடா நீதிபதி ஒருவர் சட்டவிரோதம் என்றார். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. காரணம் சுவாரசியமானது: ஒலிநாடாவைத் தாம் கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் கலை மதிப்பே இல்லை என்று ஒரு நீதிபதி முடிவு செய்துவிட முடியாது, அதற்குச் சான்று வேண்டும் என்றது. அந்தப் பாட்டுகள் எனக்குப் பிடித்தவை அல்ல. பெண்களை இழிவாகப் பேசுகிற பாட்டை எந்த நீதிமன்றம் விடுவித்தாலும் என் வீட்டில் அதற்கு இடமில்லை. ஆனால், அந்தத் தீர்ப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. நமக்குப் பழக்கமில்லாத இசையை நம் காது ஒன்றையே சாட்சியாக வைத்து விசாரிக்கக்கூடாது.

என்.டபிள்யூ.ஏ.யின் தட்டிலும் எனக்கு இதே தகராறுதான். போலீஸ் அடிக்கிறான் என்று அவர்கள் பாடும்போது அதில் உண்மை கொதிக்கிறது. அடுத்த பாட்டில் பெண்ணை நாயே பேயே என்று திட்டும்போது கொதிப்பு போய் வெறும் அழுக்கு மிஞ்சுகிறது. மாதங்கியின் தட்டில் அந்த அழுக்கு இல்லை. இளைஞர்கள் எத்தனை பேரடா என்று ஆண்களைக் கேலியாக எண்ணிக் காட்டுகிற ‘பாய்ஸ்’ என்ற மூன்றாவது பாட்டில், உறுமியின்மேல் நின்றுகொண்டு போரை யார் தொடங்கி வைக்கிறார்கள் என்று ஒரு பெண் கேட்கிறாள். குண்டர் ராப்பில் பெண்ணுக்குக் கிடைக்காத இடம் அது.

சொல்ல வேண்டிய குறைகள்

இதற்காக ‘கலா’வைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. பல இடங்களில் இரைச்சல் இரைச்சலாகவே நின்றுவிடுகிறது. அரசியல் சில பாட்டுகளில் சுவரொட்டி வாசகத்தின் அளவைத் தாண்டவில்லை. தமிழ் மேளமும் தமிழ்ப் படத்துணுக்கும் இத்தனை இருந்தும் தமிழ்ச் சொல் மிகக் குறைவு. உறுமிக்காரரின் கை உலகமெல்லாம் கேட்டது. காகித விமானப் பாட்டை முணுமுணுக்கிற கோடி பேரில் எத்தனை பேர் அந்தக் கையைப் பற்றி நினைத்திருப்பார்கள்?

பெரிய குறை வேறு. கிண்டல் புரிய வயது வேண்டும். பதினான்கு வயதுப் பையன் அந்தப் பல்லவியைக் கேட்கும்போது அகதியின் வேதனையைக் கேட்கிறானா, வெடிச் சத்தத்தைக் கேட்கிறானா? மோட்டாரில் போகும்போது விரலைத் துப்பாக்கிபோல் நீட்டி அந்த நாலு வெடியை வாயாலேயே வெடித்துக்கொண்டு போகிற பையன்களைப் பார்த்தால் விடை தெரிகிறது. அந்தச் சத்தம் இனிமையாக இருக்கிறது. பாட்டின் திறமையும் அதுதான், அபாயமும் அதுதான். இரண்டையும் பிரித்து எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஆனால், பையன் கும்பலுக்குப் போவது பாட்டினாலா? கும்பல் அவனுக்கு ஒரு பெயர் கொடுக்கிறது, ஓர் எண் கொடுக்கிறது, பின்னால் நிற்க நாலு பேரைக் கொடுக்கிறது. தோட்டம் இருந்தபோது கோயிலும் இளைஞர் மணிமன்றமும் பந்து விளையாடும் திடலும் கொடுத்தவை அவை. பாட்டு அந்த வெற்றிடத்தை உண்டாக்கவில்லை, அங்கே எதிரொலிக்கிறது.

நம் நாட்டிலேயே ராப்புக்கு வேறு முகமும் இருக்கிறது. 1990களில் ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் இருந்த யோகி பி, ‘நட்சத்திரா’வோடு சேர்ந்து 2006இல் ‘வல்லவன்’ என்ற தமிழ் ராப் தட்டைக் கொண்டுவந்தார். ‘நிழல்கள்’ படத்து இளையராஜா பாட்டு ஒன்றைப் புதுப்பித்து அவர்கள் பாடியதைத் தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. ‘கலா’வுக்கு ஒரு வருடம் முன்பு! துப்பாக்கி இல்லாமல், தமிழிலேயே, நம் பேச்சிலேயே செய்து காட்டினார்கள். சொல்லழகில் ‘வல்லவன்’ ஒரு படி மேல் என்பது என் கட்சி. ஒலியின் துணிச்சலில் ‘கலா’வுக்கு ஈடு இல்லை.

அந்த அம்மாவைப் பற்றி ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. இங்கிலாந்து அரசியார் வழங்கிய விருதுப் பதக்கங்களின் நாடாக்களைக் கையால் தைத்துக் கொடுக்கும் வேலையைக் கலா முப்பது ஆண்டுகள் செய்தவர். 2019இல் மாதங்கிக்கு எம்.பி.இ. விருது அறிவிக்கப்பட்டது, 2020 ஜனவரியில் இளவரசர் வில்லியம் பதக்கத்தைக் குத்திவிட்டார். பயங்கரவாதி என்று ஒரு காலத்தில் திட்டப்பட்டவரின் சட்டையில், அம்மா செய்த வேலை!

பன்னிரண்டு பாட்டையும் கேட்கப் பொறுமை இல்லாதவர்கள் முதல் மூன்றையும் பதினோராவதையும் கேட்டால் போதும். முதல் மூன்றை உறுமி அடிக்கிற பையன்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் எந்த அடி விழுகிறது என்று உங்களுக்கே சொல்லிக் கொடுப்பார்கள். பதினோராவதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேளுங்கள். பன்னிரண்டாவதை விட்டுவிடலாம். அது அந்த அமெரிக்க டிம்பலேண்டோடு செய்தது. தட்டிலேயே சோர்வான பாட்டு அதுதான்.